வைன் ஊருக்கு நான் எதற்கு?

ஊர் சுற்றலாம் வாங்க: வாசகர் கேள்விகளும் அடிலெய்டிலிருந்து பதில்களும்

கேள்வி: அக்டோபரில் அடிலெய்டில் படிக்கும் மகனைப் பார்க்கப் போகிறோம். அப்படியே நானும் மனைவியும் மட்டும் மூன்று நாள் தனியாக எங்காவது போய்வர ஆசை. திராட்சைத் தோட்டங்களைச் சைக்கிளிலேயே சுற்றலாம், கங்காருவும் பார்க்கலாம் என்கிறான் மகன். எனக்கு 57 வயது, அவளுக்கு 52. பரோசா போகலாமா, வேறு நல்ல இடம் உண்டா?
(திருச்சி வாசகர்)

*அதே கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்:* அக்கா, மேலே எழுதியிருப்பவர் என் வீட்டுக்காரர். நான் வைன் தொடமாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளும் தொட்டதில்லை. அவர் ருசி பார்க்கும்போது நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கவா?

பதில்: அடியில் எழுதிய தங்கச்சிக்குத்தான் முதல் பதில். நானும் குடிக்காதவள். என் வீட்டுக்காரர் குடிப்பார். அடிலெய்டைச் சுற்றியுள்ள வைன் ஊர்களில் பை பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கும் உண்டு. அதனால்தான் உங்கள் இருவருக்கும் பரோசாவைச் சொல்லாமல் கிளேர் பள்ளத்தாக்கைச் சொல்கிறேன். பரோசா வைனுக்குப் பெயர்பெற்ற இடம், அங்கேயும் சைக்கிள் பாதை இருக்கிறது. ஆனால் குடிக்காதவருக்கும் நாள் முழுக்க வேலை இருப்பது கிளேரில்தான்.

அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரத்துக்குள். அங்கே ஒரு பழைய ரயில் பாதை உண்டு. 1983 பிப்ரவரியில், சாம்பல் புதன்கிழமை அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் பெரிய காட்டுத்தீ பரவியபோது அந்தப் பாதையும் சேதமானது. அதற்குப்பின் ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிட்டார்கள். ரீஸ்லிங் டிரெயில் என்று பெயர். ஆபர்ன் என்ற சின்ன ஊரிலிருந்து கிளேர் வரை 25 கிலோமீட்டர், அதைத் தாண்டி வடக்கே இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள். கார் இந்தப் பாதையில் வராது. சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் இறங்கிப் பார்த்துப் போனால் போதும்.

ரயில் ஓடிய பாதை என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. நீராவி எஞ்சினால் ஏற முடிந்ததை 52 வயது முழங்காலாலும் ஏற முடியும். ஆனாலும் ஒன்று கவனியுங்கள். பாதையின் நடுப்பகுதி, அதாவது செவன்ஹில், பென்வொர்த்தம் பக்கம்தான் மேடு. இரண்டு முனையிலிருந்தும் அங்கே ஏறித்தான் ஆக வேண்டும். ஆகவே நடுவிலேயே அறை எடுத்துத் தங்குங்கள். முதல் நாள் ஆபர்ன் பக்கம் உருண்டு போய் மதியம் சாப்பிடுங்கள். திரும்பி வரும்போது மூச்சு வாங்கும். அதற்கு மின்சாரச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. தங்கச்சி, கூச்சப்படாமல் அதையே எடுங்கள். அவர் சாதா சைக்கிளில் பின்னால் வரட்டும், உங்களுக்கும் கொஞ்சம் காத்திருந்து பார்த்த திருப்தி கிடைக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் தொடவில்லை என்கிறீர்கள், திருச்சியிலேயே ஒரு வாரம் காலையில் ஓட்டிப் பாருங்கள். கால் மறக்காது, உட்காரும் இடம்தான் மறந்திருக்கும்.

இப்போது பிராணிகள். கங்காரு சிரமமே இல்லை. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் செவன்ஹில்லுக்கு மேற்கே உள்ள ஸ்பிரிங் கல்லி காப்பகத்துக்கு நடக்கப் போங்கள். ரெட் ஸ்டிரிங்கிபார்க் என்னும் யூகலிப்டஸ் இந்த மாநிலத்தில் அந்த ஒரு இடத்தில்தான் இயற்கையாக வளர்கிறது. அந்த மரங்களுக்கு நடுவே கங்காருக்கள் மேய வரும். கிட்டே போகாதீர்கள், பேசாதீர்கள், அவையே நிமிர்ந்து நின்று உங்களைப் பார்க்கும். அதே நேரத்தில் கார் ஓட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சாலையில் திடீரென்று பாயும், அடிபட்டால் அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. கோலாவுக்காக இங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டாம். அது அடிலெய்டு ஓரத்திலுள்ள மொரியால்டா பூங்காவில் சுலபமாகக் கிடைக்கும், மகனோடு போய்ப் பாருங்கள்.

ஆனால் எல்லோரும் கங்காருவையே தேடி, காலடியில் இருப்பதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். அக்டோபரில் வெயில் ஏறியதும் பாதையோரத்தில் கறுப்பாக, ஊமத்தங்காயைவிட முரடான தோலோடு, ஒரு முழத்துக்குக் குறைவான நீளத்தில் ஒன்று கிடக்கும். வால் தலையைப் போலவே கொழுத்திருக்கும், எந்தப் பக்கம் முகம் என்று யோசிக்க வேண்டும். ஸ்லீப்பி லிசார்ட் என்பார்கள் இங்கே. அரணை இனம். “அரணை கடித்தால் மரணம்” என்று நம் ஊரில் பயமுறுத்துவார்களே, அந்த அரணைக்கும் விஷம் இல்லை, இதற்கும் இல்லை. பயந்தால் வாயைத் திறந்து நீலநாக்கைக் காட்டும், அவ்வளவுதான். விரலை மட்டும் நீட்டாதீர்கள், தாடை பலமானது.

ஒன்றைப் பார்த்தால் நில்லுங்கள், பக்கத்தில் இன்னொன்று இருக்கும். பிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் மைக்கேல் புல் என்பவர், கிளேருக்குக் கிழக்கே மவுன்ட் மேரி பக்கம் 1982 முதல் முப்பது ஆண்டுக்கு மேல் இவற்றையே பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அக்டோபர் இங்கே வசந்த காலம். வசந்தம் வந்ததும் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து சில வாரங்கள் ஒன்றாகத் திரிகின்றன. பிறகு பிரிந்து, வருஷத்தின் மீதிக் காலத்தைத் தனித்தனியாகக் கழிக்கின்றன. அடுத்த வசந்தத்தில் பெரும்பாலும் அதே ஜோடி தேடிப்பிடித்துச் சேர்ந்துகொள்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் அப்படிச் சேர்ந்திருந்த ஜோடிகளும் அவர் கணக்கில் உண்டு. பெண் முன்னால் போகும், ஆண் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும். பெண் சாப்பிடும்போது ஆண் சாப்பிடாமல் சுற்றுமுற்றும் காவல் பார்க்கும். இதைச் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரர் அந்த அரணையைக் கண்டாலே பேச்சை மாற்றுகிறார்.

சரி, வைன். கிளேருக்குப் பெயர் வாங்கித் தந்தது ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை. ஐயா, இனிப்பாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். இனிப்பே இல்லாமல் எலுமிச்சை வாசத்தோடு புளிப்பாக இருக்கும் என்பது எங்கள் வீட்டுத் தகவல். ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும். ருசிப்பதற்கென்று சின்னச் சின்ன அளவில்தான் ஊற்றுவார்கள். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவது அங்கே மரியாதைக்குறைவு கிடையாது. பல இடங்களில் ருசிக்கக் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்வது வழக்கம். வாரநாட்களில் சில இடங்கள் மூடியிருக்கும், முந்தின நாளே போன் செய்து கேளுங்கள்.

இருவரும் சேர்ந்து போக வேண்டிய தோட்டம் செவன்ஹில். நம் லயோலா கல்லூரிகளை நடத்தும் அதே சேசு சபையினர் 1851-இல் தொடங்கியது, பள்ளத்தாக்கிலேயே பழையது. திருப்பலிக்கு வைன் வேண்டும் என்றுதான் கொடி நட்டார்கள். கல்லால் கட்டிய புனித அலோசியஸ் தேவாலயம், அதன் அடியில் குருக்களைப் புதைத்த நிலவறை, பழைய பாதாள அறைகள் எல்லாம் பார்க்கலாம். அவர் கவுன்டரில் நிற்கட்டும், நீங்கள் மர நிழலில் நடந்து வாருங்கள் தங்கச்சி. பையை அவர் தோளில் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: சைக்கிள்தானே, குடித்துவிட்டு ஓட்டினால் போலீஸ் கேட்குமா? (கோவை வாசகர்)

பதில்: கேட்கும். போதையில் கட்டுப்பாடில்லாமல் சைக்கிள் ஓட்டுவது தெற்கு ஆஸ்திரேலியாவில் குற்றம். ஹெல்மெட்டும் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், சரளை தூவிய பாதையில் விழுந்தால் முழங்கை பிய்ந்துவிடும். காலையில் சைக்கிள், மாலையில் வைன் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: வசந்தத்தில் பறவை வந்து தலையில் கொத்தும் என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையா? (மெல்போர்ன் வாசகி)

பதில்: மெல்போர்னில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களா! உண்மைதான். மேக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பறவை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கூட்டில் குஞ்சு இருக்கும்போது சிலது பாய்ந்து வரும். எல்லாப் பறவையும் இல்லை. சைக்கிள்காரர்கள் மேல் தனிக்கோபம் உண்டு. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுகளை முள் முள்ளாக நிறுத்திவைத்து ஓட்டுபவர்களைப் பார்த்தால் சிரிக்காதீர்கள்.

கேள்வி: ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? (மறுபடியும் திருச்சி வாசகர்)

பதில்: இந்திய சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர். பாட்டிலுக்கு 750 மில்லி, ஆக ஆளுக்கு இரண்டு. மனைவி பேரிலும் இரண்டு எடுக்கலாம், அவர் சம்மதித்தால். கிளேர்க்காரர்கள் 2000-இல் பலர் சேர்ந்து தக்கையை விட்டுத் திருகு மூடிக்கு மாறிவிட்டார்கள், அதனால் பெட்டியில் ஒழுகும் பயம் குறைவு. துணிக்கு நடுவில் சுற்றி, கார்கோவில் போகும் பெட்டியில் வையுங்கள்.