தரையில் பதியும் பாதம்: இயல்பான உடலளவுள்ள பொம்மைகள் குறித்துக் கேள்வி பதில்

ஃபேஷன் பொம்மைகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்தும், பழையவற்றைச் சீர்செய்தும், அவற்றுக்கு உடை தைத்தும் வரும் நம் மூத்த உறுப்பினரிடம், இயல்பான பெண்ணுடலை ஒத்த பொம்மைகளைப் பற்றி மற்ற உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அவருடைய பதில்களும் கீழே தரப்பட்டுள்ளன.

ஒரு பொம்மையின் உடல் இயல்பானதா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள், அம்மா? எல்லோரும் இடுப்பளவையே சொல்கிறார்கள்.

நான் முதலில் பாதத்தைப் பார்ப்பேன். 1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான முதல் பார்பியின் உள்ளங்கால்கள் இரண்டிலும் துளையிட்டு, அவற்றுக்குள் செப்புக் குழல் வைத்திருந்தார்கள். தாங்கியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகள் அந்தக் குழல்களுக்குள் நுழைந்தால்தான் அவளால் நிற்க முடியும். குதிகால் உயர்ந்து விரல்நுனியில் நிற்கும் பாதமும், அதன்மேல் நீண்ட காலும், மனித அளவுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 18 அங்குலமே வரும் இடுப்பும் சேர்ந்த அந்த உடல், ஒரு பெண் நிற்பதற்காக வடிக்கப்பட்டதன்று. உடையைக் காட்டுவதற்காக வடிக்கப்பட்டது. அவளுக்கு முன்மாதிரியாக இருந்த ஜெர்மானியப் பொம்மையான பில்ட் லில்லியும், ஒரு செய்தித்தாளில் பெரியவர்களுக்காக வந்த கேலிச்சித்திரத்திலிருந்து பிறந்தவள்தான். ஆகவே இடுப்பைப் பெரிதாக்கிவிட்டுப் பாதத்தை அப்படியே விட்ட பொம்மையை நான் பாதி வேலை என்றே சொல்வேன்.

பொம்மைக்கு உடை தைக்கும்போது துணியின் தடிப்பு சிறிதாவதில்லை, அதனால்தான் இடுப்பை ஒல்லியாகச் செய்கிறார்கள் என்று மூத்த சேகரிப்பாளர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பார்பி ஆறில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை. மெல்லிய பருத்தித் துணியின் தடிப்பை 0.3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மேல்சட்டை, அதன்மேல் பாவாடையின் சுருக்கம், பட்டியின் மடிப்பு, உள்துணி எல்லாம் சேர்ந்து இடுப்பில் ஆறு அடுக்கு வரும். ஆறு அடுக்கென்றால் 1.8 மில்லிமீட்டர், சுற்றளவில் அது சுமார் 11 மில்லிமீட்டரைக் கூட்டும். இதை மனித அளவுக்குப் பெருக்கினால் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது, உடையணிந்த பிறகு 18 அங்குல இடுப்பு 21 அங்குலத்தைக்கூட எட்டாது. துணியின் தடிப்பு இந்த மூன்று அங்குலத்துக்குத்தான் பொறுப்பேற்க முடியும். மிச்சமெல்லாம் அன்றைய அழகுணர்ச்சியின் தேர்வு. இந்த வாதத்தை நானும் பல காலம் ஐயமின்றி ஒப்பித்து வந்தவள்தான். உட்கார்ந்து அளந்த பிறகே என் கருத்து மாறியது.

துணியின் சிக்கலை நன்றாக உணர வேண்டுமென்றால், பொம்மைக்கு ஒரு புடவை கட்டிப் பாருங்கள். எவ்வளவு மெல்லிய மல் துணியை எடுத்தாலும், கொசுவத்தைச் செருகியவுடன் வயிற்றின்மேல் ஒரு உருண்டை எழுந்துவிடும். அதனால் நான் கொசுவத்தை முன்கூட்டியே அழுத்தித் தேய்த்து, பட்டியோடு சேர்த்துத் தைத்துவிடுவது வழக்கம்.

இயல்பான உடல் என்பது 2016இல் வந்த புதிய பார்பிகளோடு தொடங்கிய போக்குதானே?

இல்லை. ஐடியல் நிறுவனம் 1962இலேயே டாமி என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. அம்மா, அப்பா, அண்ணன், தங்கை என்று குடும்பத்தோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண் அவள். பருமனும் இயல்பு, பாதமும் தட்டை. என் மேசையில் இருக்கும் டாமி காலணி இல்லாமலும் தாங்கி இல்லாமலும் தானாகவே நிற்கிறாள். குதிகால் மரத்தில் படியும்போது அவளுடைய முழங்காலும் தோளும் தளர்ந்து தெரிகிற விதத்தை நான் எந்தப் பார்பியிடமும் கண்டதில்லை. மறு ஆண்டு பிரிட்டனில் பெடிக்ரீ நிறுவனம் வெளியிட்ட சிண்டியும் அதே வகைதான். ஆனால் 1965இல் டாமியையே மெலியவைத்து, வளர்ந்த டாமி என்ற பெயரில் விற்றார்கள். போட்டி எந்தப் பக்கம் இழுத்தது என்பதற்கு அந்த இரண்டு டாமிகளையும் அருகருகே நிறுத்திப் பார்த்தாலே போதும்.

1991இல் அமெரிக்காவில் கேத்தி மெரடிக் என்பவர் ‘ஹேப்பி டு பி மீ’ என்ற பொம்மையை உருவாக்கினார். அகன்ற இடுப்பும் பெரிய பாதமும் கொண்ட அது அதிக நாள் நீடிக்கவில்லை. 2002இல் ராபர்ட் டோனர், பருத்த உடல்வாகுடைய மாடலான எம்மியின் உருவில் 16 அங்குலப் பொம்மையைச் செய்தார். டோனர் அடிப்படையில் ஆடை வடிவமைப்பாளர் என்பதால், அந்த உடலுக்கென்றே வெட்டிய உடைகளை அதற்குத் தந்தார். ஒல்லி உடலின் உடையைப் பெரிதாக்கித் தருவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தைக்கத் தெரிந்தவர்களுக்குப் பார்த்தவுடன் புரியும்.

லேமிலி பொம்மையைச் சேகரிப்பாளர்கள் ஏன் அவ்வளவாக விரும்புவதில்லை?

விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருத்தி. நிக்கோலாய் லாம் என்ற அமெரிக்க ஓவியர், 19 வயது அமெரிக்கப் பெண்களின் சராசரி அளவுகளை அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தரவிலிருந்து எடுத்து முதலில் ஒரு மாதிரியைச் செய்து காட்டினார். அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, 2014இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பரு, தழும்பு, தோல் வரி ஆகியவற்றை ஒட்டிக்கொள்ளும் படங்களாகத் தனியே விற்றதுதான் அதிகம் பேசப்பட்டது. ஆனால் கையில் எடுப்பவர் கவனிக்க வேண்டியது, வளையும் மணிக்கட்டும் கணுக்காலும்தான்.

விரும்பாதவர்களின் காரணத்தையும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். பொம்மையில் அவர்கள் தேடுவது கனவை. சராசரி உடலைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோமே என்பது அவர்கள் வாதம். இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. பார்பிக்காக இருபது ஆண்டுகள் சேர்த்த உடைப்பெட்டியில் ஒன்றுகூட இவளுக்குச் சரியாகப் பொருந்தாது. பழைய சேகரிப்பாளருக்கு அது சிறிய இழப்பன்று.

கர்வி பார்பிக்குப் பழைய உடைகள் எதுவுமே சேராதா?

2016 ஜனவரியில் உயரமான உடல், குட்டையான உடல், வளைவுகள் கொண்ட உடல் என்று மூன்று புதிய வகைகள் வந்தன; மூன்றாவதைத்தான் கர்வி என்கிறோம். தொளதொளப்பான மேலாடைகளும், நீளும் பின்னல் துணியில் தைத்தவையும் சேரும். நெய்த துணியில் தைத்த பழைய பாவாடையை அவளுக்கு அணிவித்தேன். தொடை வரை ஏறி நின்றுவிட்டது, பின்புறக் கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி. புதிதாகத் தைப்பதாக இருந்தால் பழைய வெட்டு மாதிரியைச் சுற்றிலும் ஒரே அளவில் பெருக்காதீர்கள். தோள் அகலம் அவ்வளவாக மாறவில்லை. இடுப்புக்குக் கீழும் தொடையிலும் பின்புறத்திலும்தான் சதை கூடியிருக்கிறது. டிஷ்யூ தாளை உடலில் சுற்றி, டேப் ஒட்டி, வெட்டியெடுத்துப் புது மாதிரி தயாரிப்பதே நல்லது. காலணியும் வேறு அளவு, ஏனெனில் இவளுடைய பாதம் பெரியது, தட்டையானது. அதற்காகவே இவளை எனக்குப் பிடிக்கும்.

என் மகளுக்கு ஐந்து வயது. ஒல்லிப் பொம்மையால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயமா?

2006இல் பிரிட்டனில் ஹெல்கா டிட்மாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 5 முதல் 8 வயது வரையுள்ள 162 சிறுமியரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்குப் பார்பியின் படங்களும், சிலருக்கு நான் மேலே சொன்ன எம்மி பொம்மையின் படங்களும், சிலருக்குப் பொம்மையே இல்லாத படங்களும் காட்டப்பட்டன. பார்பியின் படங்களைப் பார்த்த இளைய சிறுமியர் தம் உடலைக் குறித்து மற்றவர்களைவிடக் குறைவான நிறைவையும், ஒல்லியாக வேண்டும் என்ற கூடுதலான விருப்பத்தையும் தெரிவித்தார்கள். அந்தப் பிரிவின் மூத்த சிறுமியரிடம் அந்த உடனடி விளைவு தென்படவில்லை. அது படங்களைப் பார்த்த உடனே அளந்த விளைவு என்பதை நினைவில் வையுங்கள். பல ஆண்டுகள் விளையாடியதன் விளைவு அன்று. ஆனாலும் உங்கள் மகளின் வயதுக்கு நான் ஒரே உடலமைப்புள்ள ஐந்து பொம்மைகளை வாங்கித் தரமாட்டேன். ஒன்பது வயதுச் சிறுமியின் அளவில் செய்த லாட்டி பொம்மையைப் பாருங்கள். 2012இல் வந்த அது உயரத்திலும் சிறியது. குழந்தையின் கைக்குள் அடங்கும்.

பழைய பொம்மையின் தலையைப் புதிய உடலில் பொருத்தலாமா?

பொருத்தலாம். சேகரிப்பாளர் பலர், முகத்துக்காக வாங்கிய பொம்மையின் தலையை, 22 இடங்களில் வளையும் ‘மேட் டு மூவ்’ என்ற பார்பி உடலுக்கு மாற்றுகிறார்கள். அதில் கர்வி வகையும் உண்டு. தலையைச் சில நிமிடம் வெந்நீரில் வைத்து மென்மையாக்கிய பிறகே கழற்ற வேண்டும். குளிர்ந்த தலையை இழுத்தால் கழுத்துக் குமிழ் உடைந்துவிடும், பிறகு இரண்டுமே வீண். தோல் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். 1960களின் பொம்மைகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

ஆண் பொம்மைகளில் இந்த மாற்றம் வரவில்லையா?

2017இல் பார்பியின் ஜோடியான கென் பொம்மைக்கு ஒல்லி, அகலம் என்று இரண்டு புதிய உடல்கள் வந்தன. அகலமான உடல் எனக்கு நிறைவு தந்தது. சட்டைக்குள் வயிறு இருக்கிறது என்று நம்ப முடிகிறது. அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

இவை பிற்காலத்தில் விலை ஏறுமா?

அந்த எண்ணத்தோடு வாங்க வேண்டாம்.

முதன்முதலாக ஒன்று வாங்குவதாக இருந்தால் எதை வாங்குவது? எப்படிப் பாதுகாப்பது?

வளையும் மூட்டுகள் கொண்ட கர்வி உடலையே வாங்குங்கள். எளிதில் கிடைக்கும், தைத்துப் பழகவும் ஏற்றது. உலோகக் காதணி இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் காதைச் சுற்றிப் பச்சை படியும். பழைய பார்பிகளில் இதைப் பரவலாகக் காணலாம். கூந்தலில் கட்டிய ரப்பர் வளையத்தையும் எடுத்துவிடுங்கள். வெயில் படும் அலமாரியும், காற்றே புகாத நெகிழி உறையும் கூடாது; வினைல் பிசுபிசுக்கத் தொடங்கும். தாங்கியை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிட்டு, காலணியைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் ஒரு விரற்கடை அகற்றி வைத்து அவளைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். முதல் சில முறை சாய்வாள். கணுக்காலைச் சற்றே முன்னோக்கி வளைத்தால் நின்றுவிடுவாள்.