கேள்வியும் பதிலும்: பிளஸ் டூ செட்டு ஸ்பெஷல்

போன இதழ்ல ஒரு வாசகர் பழைய குரூப் போட்டோ பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தாரு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் வந்த கடிதம்ல பாதிக்கு மேல பள்ளிக்கூடக் கதைதான். அதனால இந்தத் தடவை வேற கேள்வி எதுவும் எடுக்கல.

அண்ணே, நாங்க 2000 மார்ச்ல பிளஸ் டூ எழுதுன செட்டு. 25 வருசம் தாண்டியாச்சு, ஒருக்கா கூட எல்லாரும் கூடல. ஒருத்தன் மண்டபம் பிடிச்சு மேடை போட்டு ஷீல்டு குடுக்கணும்ங்கான், இன்னொருத்தி அதெல்லாம் வேண்டாம் எங்கயாவது போவோம்ங்கா. நீங்க என்ன சொல்லுதீங்க?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

நானும் அதே 2000 செட்டுதான் மக்கா, கடிதத்தப் பார்த்ததும் மனசு துள்ளிருச்சு. நான் அந்தப் பிள்ளை பக்கம். மண்டபம் வேண்டாம். மேடை போட்டா மைக் பிடிக்குறவன்தான் பேசுவான், மத்தவங்க பிரியாணி எப்ப வரும்னு பார்த்துட்டு இருப்பாங்க.

நாங்க 2025 ஜனவரியில கூடுனோம், முதல்ல கன்னியாகுமரி. ஏன்னா நாங்க பிளஸ் டூ படிக்கும்போதுதான் 2000 ஜனவரி 1 அன்னைக்கு திருவள்ளுவர் சிலை திறந்தாங்க, பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்குன்னு வீட்டுல விட மாட்டேன்னு சொல்லியும் பாதி கிளாஸ் பஸ் ஏறிப் போய் கூட்டத்துல நசுங்கி கரையில நின்னு எட்டி எட்டிப் பார்த்துட்டு வந்தோம். திங்கக்கிழமை தமிழ் சாரு வந்து சிலை எத்தனை அடின்னு கேட்டாரு, 133னு எல்லாரும் கத்துனோம், பீடம் எத்தனைன்னாரு, ஒருத்தனுக்கும் தெரியல, கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல் மட்டும் 38, அறத்துப்பால் அதிகாரம் 38 சார், மிச்சம் 95 அடி சிலைன்னு வந்துச்சு. அன்னைக்கு வரைக்கும் அவன் வாயத் திறந்து நாங்க பார்த்ததே இல்ல. இப்ப விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்துருக்குல்ல, 2024 டிசம்பர் கடைசியில திறந்தது, அதுல நடக்கும்போது அவன நடுவுல நிறுத்தி மறுபடி கேட்டோம், அதே மாதிரி டக்குனு சொன்னான்.

மதியத்துக்கு மேல மாத்தூர் தொட்டிப்பாலம். படிக்கும்போது சைக்கிள்ல போவோம். 115 அடி உயரத்துல தொட்டியில தண்ணி ஓடும், ரெக்கார்டு நோட்டுல வெத்துத் தாளக் கிழிச்சு கப்பல் செஞ்சு ஒரு முனையில விட்டுட்டு, பக்கத்து நடைபாதையில ஓடி மறு முனைக்கு கப்பலுக்கு முன்னால போய்ச் சேரணும், அதுதான் போட்டி. 25 வருசம் கழிச்சு மறுபடியும் கப்பல் விட்டோம், முழங்கால் வலிக்குதுன்னு சொன்னவங்களும் ஓடுனாங்க. ஒண்ணு சொல்லிருதேன், மார்ச்ல வச்சீங்கன்னா தொட்டி காஞ்சு கிடக்கும். பொதுவா ஜூன்ல அணை திறந்து பிப்ரவரி கடைசியில அடைச்சிருவாங்க, அதனால தை மாசமே வச்சிருங்க.

அப்புறம் முக்கியமான விஷயம். வர்றவங்க கிட்ட இப்ப என்ன வேலை, எத்தன பிள்ளைன்னு முதல்ல கேக்காதீங்க. ஆளுக்கு ஒரு சம்பவம் கொண்டு வரணும்னு முன்னாலயே சொல்லிருங்க. நாங்க அப்படித்தான் செஞ்சோம். கெமிஸ்ட்ரி லேப்ல ஒரு நாளு அழுகுன முட்டை நாத்தம் அடிச்சு பக்கத்து கிளாஸ் வரைக்கும் காலியாச்சு, அத பின் பெஞ்சுல இருந்த ஒருத்தன்தான் செஞ்சான்னு அவன் ஒரு பீரியடு பூரா வெளிய நின்னான். இத்தன வருசமா நாங்களும் அப்படியே நம்பிட்டோம். பாலத்துக்குக் கீழ உக்காந்து மரச்சீனிக்கிழங்கு தின்னுட்டு இருக்கும்போது எங்க ஃபர்ஸ்ட் ரேங்க் பிள்ளை எழும்பி, அது நான்தான்னு சொல்லிச்சு. சல்ஃபைடு உப்பு ஒரு சிட்டிகை டெஸ்ட் டியூப்ல போட்டு ஆசிட் ரெண்டு சொட்டு விடணும், லெட் அசிடேட் தாள் கறுக்குதான்னு பார்க்கணும், அந்தப் பிள்ளைக்கு தாள் சரியா கறுக்கலன்னு சந்தேகம் வந்து குடுத்த உப்பு அத்தனையும் பீக்கர்ல தட்டி ஆசிட்ட ஊத்திருச்சு. வெளிய நின்னவன் அதக் கேட்டுட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே, கண்ணுல தண்ணி வந்து உருண்டான், சரி என் ஒரு பீரியடத் திருப்பிக் குடுன்னான். இந்த ஒரு கதையோட முதல் பாதி எங்க எல்லார்கிட்டயும் இருந்துச்சு, மறு பாதி அந்தப் பிள்ளை ஒருத்தி கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. கூடலன்னா அது அப்படியே போயிருக்கும்.

என் கூடப் படிச்சவன் இப்ப ஒரு ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர். பிளஸ் டூவுல அவனுக்கு ‘மட்டி’ன்னு பேரு. அவன் பிள்ளைங்க முன்னால அப்படிக் கூப்பிடலாமா?
— ஒரு வாசகர், பூதப்பாண்டி

மட்டின்னா வெளியூர்க்காரங்க வேற அர்த்தம் எடுப்பாங்க, நம்ம ஊர்ல அது பழம்லா. தினமும் டிபன் பாக்ஸ்ல ரெண்டு மட்டிப்பழம் கொண்டு வந்து பக்கத்துல இருக்குறவனுக்கு ஒண்ணு குடுத்திருப்பான், அதனால பேரு வந்திருக்கும், எங்க கிளாஸ்லயும் அப்படி ஒருத்தன் இருந்தான். காரணத்தோட சேர்த்து சொல்லுங்க, பிள்ளைங்க சந்தோசப்படும். ஆனா நிறத்தையோ உடம்பையோ சாதியையோ வச்சு ஒரு பேரு இருந்தா அத இங்கினயே விட்டுருங்க, அன்னைக்கு அவன் சிரிச்சதுக்கு காரணம் வேற.

கடைசி நாளு இங்க் அடிச்ச சட்டைய இன்னும் வச்சிருக்கேன், வீட்டுக்காரி தூரப் போடச் சொல்லுதா.
— ஒரு வாசகர், குளச்சல்

போடாதீங்க அண்ணாச்சி. யாரு அடிச்ச கறை எதுன்னு வீட்டுக்காரிக்கு ஒருக்கா உக்காந்து சொல்லுங்க, அப்புறம் அவங்களே மடிச்சு வைப்பாங்க.

மக இந்த வருசம் பிளஸ் டூ. ஆட்டோகிராஃப் நோட்டு வாங்கிக் குடுத்தேன், எல்லாம் போன்ல இருக்கு வேண்டாம்ங்கா. விட்டுரலாமா?
— ஒரு வாசகி, தோவாளை

அக்கா, கட்டாயப்படுத்தாதீங்க, உங்க நோட்டு இருந்தா எடுத்து முன்னால வைங்க. என் நோட்ட நேத்து எடுத்துப் பார்த்தேன். ரோஸ் கலர் பக்கம் நெருங்குன கூட்டாளிகளுக்கு, மஞ்சள் மத்தவங்களுக்கு. லட்சியம்ங்குற இடத்துல ஒம்பது பேரு கலெக்டர்னு எழுதியிருக்கான். பிடித்த உணவுல ஒருத்தன் கிழங்கும் சாளமீன் கறியும்னு எழுதி, அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ‘எங்க அம்மா வச்சது மட்டும்’னு போட்டிருக்கான். போன் நம்பர் பாதிப் பேருக்கு பி.பி. நம்பர்தான், பக்கத்து வீட்டுல கூப்பிட்டுச் சொன்னா அவங்க வேலி மேல நின்னு சத்தம் போடுவாங்க. அந்த சாளமீன்காரனோட அம்மா இப்ப இல்ல. அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புனேன், அவன் ஷார்ஜாவுல இருந்து உடனே கூப்பிட்டான், ரொம்ப நேரம் பேசல, அந்தக் கறிக்கு அம்மா என்ன புளி போடுவாங்கன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தான். இத மகளுக்கு வாசிச்சுக் காட்டுங்க, பேனா எடுக்குமா இல்லையான்னு அது முடிவு பண்ணட்டும்.

ரிட்டையர்டு ஆன எங்க சாரையும் கூப்பிடுறோம். பொன்னாடை தவிர வேற என்ன குடுக்கலாம்?
— ஒரு வாசகர், திருவட்டாறு

உங்க பக்கம் ரப்பர் தோட்டம்தானே சுத்தி. விடியக்காலம் பால் வெட்டிட்டு ஸ்கூலுக்கு வர்ற பயலுக எங்க கிளாஸ்ல நாலு பேரு, மரத்துல வெட்டுன கோட்டுல காஞ்சு ஒட்டிக்கிடக்குற பால நூலு மாதிரி இழுத்து இழுத்துச் சுத்தி பந்து செய்வானுக. அது தரையில பட்டா தென்னை உயரத்துக்குப் போகும். கிளாஸ்ல தட்டுனா ஓட்டுல முட்டி எங்க விழும்னு தெரியாது, அதனால கணக்கு சாரு பார்த்தா உடனே பிடுங்கிருவாரு. பிரிவு உபசார விழா அன்னைக்கு அவர் மேசை டிராயர இழுத்தாரு, ஏழு பந்து. ஒவ்வொண்ணும் தினசரித் தாள்ல பொதிஞ்சு, யாரு கிட்ட என்னைக்கு பிடுங்கினதுன்னு மேல எழுதி வச்சிருந்தாரு. பேரு சொல்லிக் கூப்பிட்டு அவரவர் கையில குடுத்தாரு.

2025ல நாங்க அவருக்கு பொன்னாடையும் போட்டோம், கூட புதுசா சுத்துன ஒரு ரப்பர் பந்தும் குடுத்தோம். கையில வாங்கி உருட்டிப் பார்த்தாரு, மூக்குக்கிட்ட கொண்டு போனாரு, எழும்பி நின்னு சிமென்ட் தரையில ஒரு தட்டு தட்டுனாரு. அது கோணலா துள்ளி நாற்காலிக்கு அடியில போயிருச்சு. “இது யாருலே சுத்துனது, சுத்து சரியில்லையே”ன்னு கேட்டுட்டு அவரே குனிஞ்சு எடுத்தாரு.