பழைய இசைத்தட்டில் கம்மல், காப்பு செய்யச் சூடாக்கலாமா?

குன்னூர் வீட்டுப் பரணில் கிடந்த இசைத்தட்டுகள் வெட்டும்போது சில்லு சில்லாக உடைகின்றன, அடுப்பில் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நெருப்பில் காட்டாதீர்கள். எல்.பி. எனப்படும் நீண்ட நேரம் பாடும் தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக்; கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். குளிருக்குக் கதவடைத்த நம் மலை வீடுகளில் அது நெஞ்சை அடைத்துவிடும்.

வெந்நீரே போதும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலேயே தண்ணீர் 92, 93 டிகிரியில்தான் கொதிக்கும்; பி.வி.சி. இளக அதுவே தாராளம். துண்டை இடுக்கியால் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் தோல் மாதிரி வளையும். அந்தச் சூட்டிலேயே கத்தரியால் வெட்டுங்கள். நம் ஊர்க் காற்றில் சட்டென்று விறைத்துவிடும், மறுபடி அமிழ்த்த வேண்டியதுதான். காப்புக்குப் பட்டையை டம்ளரைச் சுற்றிப் பிடித்து, காப்பின் வாய் திறந்தபடியே பச்சைத் தண்ணீரில் காட்டுங்கள்.

ஓரத்தை ஈர உப்புத்தாளில் தேயுங்கள், தூள் பறக்காது. வார்னிஷ் வேண்டாம். கம்மலைத் திருப்பும்போது வரிகளில் ஓடும் மினுமினுப்புதான் அதன் அழகே.

ஒன்று மட்டும்: தட்டு கனமாக, லேபிளில் 78 என்று இருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. நகைக்கு ஆகாது, துணி சுற்றிப் பத்திரமாக வையுங்கள். கீறல் விழுந்து பாடாத எல்.பி.யை மட்டும் வெட்டுங்கள்.