எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்த புண்ணா?

கேள்வி: என் கணவர் பின்னேரங்களில் காணிக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர். ஐந்து மாதத்துக்கு முன் அவருடைய முன்கையில் சின்னச் சிவப்புக் கட்டி ஒன்று வந்தது. இப்போது சுற்றிவரத் தடித்து, நடுவில் பொருக்குத் தட்டி நிற்கிறது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. பார்மசியில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்புக்கும் ஆறவில்லை. மணல் ஈ கடித்து வரும் வருத்தம் என்கிறார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? சத்து மாத்திரை கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, வவுனியா

பதில்: சகோதரி, புண்ணைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வலியே இல்லாமல் மாதக்கணக்கில் ஆறாத புண் என்றால், எங்கள் கிளினிக்கில் முதலில் நினைப்பது லீஷ்மேனியாசிஸை, உங்களிடம் சொன்ன அந்த மணல் ஈ வருத்தத்தைத்தான். அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் நிறையப் பேருக்கு வருகிறது. வடக்கிலும் உண்டு.

எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் அல்ல. அந்தப் புண்ணில் பெரும்பங்கு அவருடைய எதிர்ப்புச் சக்தி செய்த வேலைதான். மணல் ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணி தோலுக்குள் இறங்குகிறது. அதைத் தின்று தீர்க்க விழுங்கணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் வருகின்றன, விழுங்கவும் செய்கின்றன. ஆனால் இந்த ஒட்டுண்ணி சாகாமல், தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். அப்புறம் எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு வகையான டி அணுக்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்து உசுப்பிவிட்டால்தான், விழுங்கணுக்கள் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கி உள்ளே இருப்பதைக் கொல்லும். இத்தனை அணுக்களும் ஓரிடத்தில் குவிவதால் கட்டி. இந்தச் சண்டையில் நம்முடைய தோலும் சேர்ந்து அழிவதால் நடுவில் புண்.

எத்தியோப்பியாவில் சில நோயாளிகளுக்கு இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக டி அணுக்கள் எழும்புவதே இல்லை. அவர்களுக்கு முகம், கை, கால் என்று முடிச்சு முடிச்சாகப் பரவும். ஒவ்வொரு முடிச்சிலும் ஒட்டுண்ணி நிறைந்து கிடக்கும், ஆனால் புண்ணாக உடையாது. தென் அமெரிக்காவில் மூக்கையே அரித்துவிடும் வகை இதற்கு நேரெதிர். அங்கே ஒட்டுண்ணியைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். எதிர்ப்பு அளவு மீறிப்போய்ச் செய்யும் அழிவு அது.

அதனால் அந்தக் களிம்பை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சிவப்பைக் குறைத்துக் காட்டலாம், ஆனால் ஒட்டுண்ணியைக் கொல்ல வேண்டிய அணுக்களையும் சேர்த்து அடக்கிவிடும். சத்து மாத்திரையால் இந்தப் புண் ஆறாது. அந்தக் காசு கிளினிக்குக்குப் போகிற பஸ்ஸுக்கு ஆகட்டும்.

அங்கே பொருக்கை விட்டுவிட்டு, தடித்த விளிம்பில் பிளேடால் சின்னதாகக் கீறிச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். விழுங்கணுவுக்குள் நீள்வட்டமாக, ஒரு பெரிய புள்ளியும் பக்கத்தில் சின்னக் குச்சியுமாகத் தெரிந்தால் அதுதான். எத்தனை தகடு பார்த்த பிறகும் அந்தக் குச்சி கண்ணில் படும்போது எனக்கு ஒரு நிம்மதி, இனி மருந்தைத் தொடங்கலாமே என்று. 1903இல் சென்னையில் சார்ல்ஸ் டொனவன் என்ற வைத்தியர் நோயாளிகளின் மண்ணீரலில் கண்டதும் இதைத்தான். அவர் பெயரும் சேர்ந்து ஒட்டுண்ணியின் பெயர் லீஷ்மேனியா டொனவானி ஆனது. பீகாரில் மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் போய்க் காலா அசார் என்ற நோயை உண்டாக்கும் அதே இனம், இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது.

மருந்து, சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் ஊசி. புண்ணுக்குள்ளேயே போடுவது, வலிக்கத்தான் செய்யும். சிலருக்குத் திரவ நைட்ரஜனால் உறைய வைப்போம். ஓரிரு ஊசியில் புண் வற்றியதும் நின்றுவிடுகிறவர்கள் பலர். அவரை அப்படி விடாதீர்கள். ஆறினாலும் தழும்பு இருக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தொட்டால் ஒட்டாது, பிள்ளைகளைத் தூக்கலாம். பின்னேரம் காணிக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போடட்டும். கிளினிக்குக்கு அந்தக் களிம்புக் குழாயையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். எதைப் பூசினார் என்று தெரிந்தால் வைத்தியருக்கு வேலை சுலபம்.