தூக்க மாத்திரையை விட முடியுமா? நான் படுக்கும் பாய் சொன்ன பதில்

கேள்வி: "மாத்திரை போட்டால்தான் தூக்கம் வருகிறது. பழக்கத்தை மாற்றியே சரிசெய்யலாம் என்கிறார்களே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் மாத்திரையை இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தப்பை நான் செய்தேன்.

வீடு வடசென்னையில் தண்டையார்பேட்டை. தூக்கம் கெட்டதற்கு ராத்திரி முழுக்க ஓடும் கன்டெய்னர் லாரிகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அதே சத்தத்தில் முப்பது வருடம் குறட்டை விட்டவன் என்பது அப்போது உறைக்கவில்லை. அல்பிரசோலம் என்ற மாத்திரையை அரை மில்லிகிராமில் ஆரம்பித்தேன். அப்புறம் அரை ஒன்றானது. ஒன்றரை வருடம் கழித்து வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்று இரவு பொட்டுத் தூக்கமில்லை, கை நடுக்கம் வேறு. இந்த வகை மாத்திரை பொதுவாக இரண்டு முதல் நாலு வாரத்துக்குத்தான், சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று மனநல மருத்துவர் சொன்னபோது வயிற்றைக் கலக்கியது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று முதலில் விசாரித்தார். அது இருந்தால் வைத்தியமே வேறு. பிறகு எவ்வளவு நேரம் படுக்கிறேன், எவ்வளவு தூங்குகிறேன் என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார். படுத்துக் கிடப்பது ஒன்பது மணி நேரம், தூங்குவது ஐந்தரை. "அப்போ ஐந்தரை மணி நேரம் மட்டும் படுங்க" என்றார். பசி என்று போனவனிடம் சோற்றைப் பிடுங்குகிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்கச் சொன்னதே, இப்படித் தூக்கப் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையைத்தான் என்பது பின்னால் தெரிந்தது.

இரவு 12 முதல் 5.30 வரை. இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். எங்கே போவது? ஒரே அறையில் நாலு பேர் வரிசையாகப் படுக்கிறோம். "பாயைச் சுருட்டி வெச்சுட்டு மாடிப்படியில உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். "இன்னாடா, பேய் மாதிரி உக்காந்துனு கீற?" என்று அம்மா பயந்துபோனது. பாயைப் பார்த்தாலே கவலைப்பட மூளை பழகியிருக்கிறது, அதை மறக்கடிக்கத்தான் இவ்வளவும். கண் சொக்கினால் மட்டும் திரும்பப் பாய்.

முதல் இரண்டு வாரம் நரகம். வண்டியைத் தொடவில்லை, வேலைக்கு பஸ்தான். மூன்றாவது வாரம் சாய்ந்ததும் தூங்கினேன். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கிவிட்டால் பதினைந்து நிமிடம் கூட்டுவார். மாத்திரையை அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், விட நாலு மாதம் ஆனது. மாத்திரையைவிடச் சாயங்கால டீயை விட்டதுதான் எனக்கு வலித்தது.

வலிப்பு நோயோ, அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோயோ உள்ளவர்கள் தூக்க நேரத்தைத் தாங்களாகக் குறைக்கக் கூடாது. நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது 11 மணிக்குப் படுக்கிறேன். போன வாரம்கூட ஒரு ராத்திரி படியில்தான் இருந்தேன். கொசுவத்தியை மறக்காமல் எடுத்துப் போயிருந்தேன்.