ஒரே மடிக்கணினியில் விண்டோஸ் 10, விண்டோஸ் 11

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. கடைக் கணக்குக்கான பழைய மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. விண்டோஸ் 11-இல் ஓடவில்லை. பழையதை அழிக்காமல் புதியதையும் இதே கணினியில் நிறுவ இயலுமா? கோப்புகள் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: இயலும். ஆனால் உங்கள் அச்சம் நியாயமானது. பார்ட்டிஷனில், அதாவது ஹார்டு டிஸ்க்கைப் பிரித்த பகுதியில், கைவைக்கும் எந்த வேலையிலும் ஒரு தவறான சொடுக்கு எல்லாவற்றையும் அழித்துவிடக்கூடும். ஆகவே கணக்குக் கோப்புகளை முதலில் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவற்றை விண்டோஸ் 11 கேட்கும் என்பதால், மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் செயலியால் கணினியின் தகுதியையும் அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டு விண்டோஸும் தனித்தனிப் பார்ட்டிஷன்களில் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் சி டிரைவைச் சுருக்கி, குறைந்தது 100 ஜிபியை ஒதுக்கப்படாத இடமாக விடுங்கள். டிரைவைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும். பழைய பார்ட்டிஷனுக்கு 'கணக்கு' என்பதுபோல ஒரு பெயரும் இட்டுவிடுங்கள். நிறுவும்போது தோன்றும் பட்டியலில் அந்தப் பெயர்தான் உங்களைக் காப்பாற்றும்.

விண்டோஸ் 10-க்குள் இருந்தபடியே நிறுவலைத் தொடங்காதீர்கள். அது பழையதை மேம்படுத்தி, இருந்த இடத்திலேயே புதியதாக மாற்றிவிடக்கூடும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவை விண்டோஸ் 11 நிறுவலுக்குத் தயாரித்து, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, ஒதுக்கப்படாத அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் காணும் சிறிய சிஸ்டம் பார்ட்டிஷனில்தான் கணினியைத் தொடங்கவைக்கும் பூட் கோப்புகள் இருக்கின்றன என்பதால், பயனற்றது என்றெண்ணி அதை நீக்கிவிடக் கூடாது.

இனிக் கணினியைத் தொடங்கும்போது எந்த விண்டோஸ் வேண்டும் என்று ஒரு திரை கேட்கும். புதியதற்குள் நுழைந்தால் அது தன்னையே சி என்று காட்டும். பழைய சி வேறோர் எழுத்தில் தெரியும். இது பிழையன்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்னும் வசதி இயங்கினால் விண்டோஸ் முழுமையாக நிற்காது. அந்நிலையில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றிலிருந்து அதன் பார்ட்டிஷனில் எழுதினால் கோப்பு அமைப்பு சிதையக்கூடும் என்பதால், பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த வசதியை இரண்டிலும் அணைத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. எனவே அதைக் கணக்குக்கு மட்டும், கூடுமானவரை இணைய இணைப்பின்றி வைத்துக்கொண்டு, வங்கி வேலையையும் மின்னஞ்சலையும் விண்டோஸ் 11-இல் செய்யுங்கள்.