மாதத் தவணைக்குள் அடங்காத கார்

கேள்வி: ஷோரூம் விலை எட்டரை லட்சம் ரூபாய் உள்ள பெட்ரோல் கார் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். ஆன்ரோடு விலை 10 லட்சம் ஆகிறது. கையிலிருந்து 2 லட்சம் போட்டு, மீதிக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் எடுத்தால் மாதத் தவணை 16,600 ரூபாய் என்கிறார்கள். பிடித்தம் போக என் சம்பளம் 70,000. தவணையோடு பெட்ரோல் செலவையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரிதானே?
- வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை. காரின் மிகப் பெரிய செலவுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை என்பதால், அது உங்கள் கணக்கில் இடம்பெறவில்லை. அதுதான் தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் அட்டவணைப்படி, காரின் மதிப்பு முதலாண்டு முடிவில் 15 சதவீதமும் ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதமும் குறைகிறது. அதாவது, கடைசித் தவணையைக் கட்டும் நாளில் உங்கள் கார் ஏறத்தாழ 4.25 லட்சம்தான் பெறும். ஆன்ரோடு விலையில் சேர்ந்துள்ள சாலை வரியோ (இந்த விலைக்குத் தமிழ்நாட்டில் 13 சதவீதம், சுமார் 1.10 லட்சம்) விற்கும்போது தனியாகத் திரும்பி வராது.

இவற்றோடு கடன் வட்டி 1.96 லட்சம் ஆகிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்து, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எரிபொருளுக்கு 3.33 லட்சம். காப்பீடு, சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் சிக்கனமாக 2 லட்சம் ஒதுக்கினாலும், ஐந்தாண்டுச் செலவு 12.6 லட்சத்தைத் தாண்டுகிறது. கிலோமீட்டருக்கு 25 ரூபாய். ஷோரூமில் தலையில் கட்டும் சீட் கவர் வகையறாக்களை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஓட்டம் இதில் பாதியாகக் குறைந்தால் பெட்ரோல் மட்டுமே பாதியாகும். தேய்மானமும் வட்டியும் அப்படியே நிற்கும் என்பதால் கிலோமீட்டருக்கு 44 ரூபாய் வரை ஆகிவிடும். வாரக் கடைசியில் மட்டுமே கார் தேவைப்படுபவருக்கு வாடகைக் காரே மலிவு.

கையிலிருந்து மாதந்தோறும் போகும் பணம் 25,000 ரூபாயைத் தாண்டும். உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தவணையைக் குறைக்க ஏழாண்டுக் கடன் எடுக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். அதே வட்டியில் தவணை 12,900 ரூபாய்க்கு இறங்கும்; ஆனால் மொத்த வட்டி 2.81 லட்சமாக ஏறும்.

என் யோசனை: நான்கைந்து ஆண்டு ஓடிய, சர்வீஸ் விவரங்கள் ஒழுங்காக உள்ள காரைத் தேடுங்கள். தேய்மானத்தின் பெரும்பகுதியையும் ஆயுள்காலச் சாலை வரியையும் முதல் உரிமையாளர் ஏற்றிருப்பார். ஆனால், காப்பீட்டில் இழப்பீடு கோராததற்காக அவர் பெற்ற பிரீமியச் சலுகை அவருக்கே உரியது, காருக்கு அல்ல. ஆகவே அவர் கட்டிய பிரீமியத்தை விட உங்களுக்குக் கூடுதலாகும். வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கோரி விண்ணப்பித்துவிடுங்கள்.